ஒளியைப் பங்கிடும் மூலக்கூறுகள்: நோயைக் காட்டவும் தீர்க்கவும் உதவும் கரிம ஒளிர்பொருள்கள்

முன்னுரை

மூளையில் வளர்ந்துள்ள புற்றுநோய்க் கட்டியை அகற்றும் அறுவை மருத்துவர் ஒருவரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கட்டி எங்கே முடிகிறது, நலமான திசு எங்கே தொடங்குகிறது என்பதை வெறுங்கண்ணால் பிரித்தறிவது எளிதன்று. குறைவாக வெட்டினால் நோய் விரைவில் மீண்டும் தலைதூக்கும். மிகுதியாக வெட்டினாலோ நோயாளியின் பேச்சும் கைகால் அசைவும் பறிபோகலாம். சில மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு மனிதரின் எதிர்காலம் அடங்கிக் கிடக்கிறது.

இச்சிக்கலுக்கு வேதியியல் ஒரு விடை தந்துள்ளது. அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு நோயாளி ஒரு கரைசலைக் குடிக்கிறார். அறுவை அரங்கில் நீல ஒளியைப் பாய்ச்சினால் கட்டி மட்டும் சிவப்பாக ஒளிர்கிறது. ஜெர்மனியில் நடைபெற்று 2006ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட மருத்துவ ஆய்வின்படி, வழக்கமான வெண்ணொளியில் 36 விழுக்காட்டு நோயாளிகளுக்கே கட்டி முழுமையாக அகற்றப்பட்டது. இந்தச் சிவப்பு ஒளியின் துணையுடன் அது 65 விழுக்காடாக உயர்ந்தது. ஆறு மாதம் கடந்தும் நோய் முற்றாதிருந்தோர் 21 விழுக்காட்டிலிருந்து 41 விழுக்காடாக அதிகரித்தனர்.

அந்தக் கரைசலில் இருப்பது அமினோலெவுலினிக் அமிலம். நம் உடலே இரத்தத்தின் செந்நிறப் பொருளை உண்டாக்கும்போது இதனைத் தயாரிக்கிறது. கூடுதலாகக் கொடுக்கப்படும்போது, மூளைக் கட்டியின் உயிரணுக்களில் இது புரோட்டோபார்ஃபைரின் என்னும் ஒளிர்பொருளாக மாறித் தேங்குகிறது.

ஒரு மூலக்கூறு ஏன் ஒளிர்கிறது? மருத்துவத்திற்கு ஏற்றவாறு அதனை எவ்வாறு வடிவமைப்பது? அதே மூலக்கூறு நோயைக் காட்டுவதோடு நில்லாமல் அதனை அழிக்கவும் முடியுமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடனொளிர்வு என்றால் என்ன?

டோனிக் பானத்தைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் அது நீலமாக ஒளிர்வதைக் காணலாம். அதிலுள்ள குவினைன் என்னும் பொருளே இதற்குக் காரணம். குவினைன் கரைசலின் இந்த நீல ஒளியை 1845இல் ஜான் ஹெர்ஷல் பதிவு செய்தார். 1852இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் இதற்கு விளக்கம் கண்டு, ஃபுளோரைட் என்னும் கனிமத்தின் பெயரையொட்டி ஃபுளோரசன்ஸ் எனப் பெயரிட்டார். தமிழில் இதனை உடனொளிர்வு எனலாம். ஒளி பட்ட உடனே ஒளிர்வதும், ஒளியை நிறுத்தியதும் நின்றுவிடுவதும் இதன் இயல்பு. சலவைத்தூளால் துவைத்த வெள்ளைச் சட்டை புற ஊதா ஒளியில் பளிச்சிடுவதும் இதனால்தான். கோலசிலாங்கூர் ஆற்றங்கரை மின்மினிகளின் ஒளியோ வேறு வகை. அது வேதிவினையால் பிறப்பது. அதற்கு வெளியிலிருந்து ஒளி தேவையில்லை.

மூலக்கூறு ஒளித்துகளை விழுங்கும்போது அதிலுள்ள எலெக்ட்ரான் ஒன்று உயர்ந்த ஆற்றல் மாடிக்குத் தாவுகிறது. அங்கே நிலைத்திருக்க முடியாமல் சில நானோ விநாடிகளில் கீழே இறங்குகிறது. இறங்குமுன் ஆற்றலில் ஒரு சிறு பகுதியை அசைவிலும் அதிர்விலும் இழந்துவிடுவதால், வெளிவரும் ஒளி உள்ளே சென்ற ஒளியைவிடக் குறைந்த ஆற்றலும் நீண்ட அலைநீளமும் உடையதாக இருக்கும். நீல ஒளியை வாங்கிய பொருள் சிவப்பு ஒளியைத் தருவது இப்படித்தான். இவ்வேறுபாட்டுக்கு ஸ்டோக்ஸ் இடப்பெயர்ச்சி என்று பெயர். உள்ளே பாய்ச்சிய ஒளியை ஒரு வடிகட்டியால் தடுத்துவிட்டு, ஒளிரும் திசுவை மட்டும் காண மருத்துவருக்கு வழிவகுப்பதும் இதுவே.

ஒரு வருமானம், மூன்று செலவு

நண்பர்களே, இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதனை வையுங்கள். மூலக்கூறு பெற்ற ஒளியாற்றல் மாத வருமானம் போன்றது. அதனைச் செலவிட முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, ஒளியாக வெளியிடுவது. இது நோயைக் காண உதவும்.

இரண்டாவது, வெப்பமாகக் கரைப்பது. இது கட்டியைச் சூடேற்றி அழிக்க உதவும்.

மூன்றாவது, எலெக்ட்ரானின் தற்சுழற்சி மாறி மும்மைநிலை எனப்படும் நீண்ட ஆயுளுடைய நிலைக்குச் செல்வது. அங்கே நானோ விநாடிக்குப் பதிலாக மைக்ரோ விநாடிக்கணக்கில் தங்கியிருக்கும் மூலக்கூறு, அருகிலுள்ள ஆக்சிஜனுக்குத் தன் ஆற்றலைக் கைமாற்றுகிறது. அதனால் பிறக்கும் ஒற்றைநிலை ஆக்சிஜன் கடுமையான வினைத்திறன் கொண்டது. கொழுப்பு, புரதம், மரபுப்பொருள் என எதனையும் தாக்கி உயிரணுவை அழிக்க வல்லது.

வருமானம் ஒன்றே என்பதால் ஒரு செலவு கூடினால் மற்றவை குறைந்தே தீரும். ஒளிர்பொருளை வடிவமைப்பது என்பது இந்தப் பங்கீட்டைத் திட்டமிடுவதே ஆகும்.

சாயப் பட்டறையிலிருந்து மருத்துவமனைக்கு

1871இல் அடால்ஃப் வான் பேயர் ஃபுளோரசீன் என்னும் சாயத்தை உருவாக்கினார். காரக் கரைசலில், விழுங்கும் ஒளித்துகள்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவற்றைப் பச்சை ஒளியாகத் திருப்பித் தரும் சிக்கனமான மூலக்கூறு இது. நீரிழிவு நோயாளிகளின் விழித்திரை இரத்த நாளங்களைப் படம்பிடிக்க இச்சாயம் இன்றும் பயன்படுகிறது. ஆயினும் இது நீல ஒளியை வாங்கிப் பச்சை ஒளியைத் தருவது. விழிக்குள் ஒளி எளிதாகப் புகும். தோலுக்கும் தசைக்கும் கீழே அப்படி இல்லை.

காரணம் எளியது. நம் உடலிலுள்ள ஹீமோகுளோபின் நீல, பச்சை ஒளியை விழுங்கிவிடுகிறது. அலைநீளம் மிகக் கூடினால் நீர் விழுங்கத் தொடங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 650 முதல் 900 நானோமீட்டர் வரை ஒரு திறந்த சாளரம் உண்டு. உள்ளங்கைக்குப் பின்னால் கைவிளக்கைப் பிடித்தால் விரல்கள் சிவப்பாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். சிவப்பு மட்டும்தான் தசையைக் கடந்து வருகிறது. அந்தச் சாளரத்தில் வேலை செய்வது இந்தோசயனின் பச்சை. அமெரிக்காவில் 1959இல் அனுமதி பெற்ற இச்சாயம், 800 நானோமீட்டர் அளவில் ஒளியை வாங்கி 830 அளவில் திருப்பித் தருகிறது. கல்லீரல் இதனை நிமிடக்கணக்கில் இரத்தத்திலிருந்து அகற்றிப் பித்தத்தில் சேர்த்துவிடுவதால் பாதுகாப்பானது. எனினும் நீரில் இது விழுங்கும் ஒளியில் ஒரு சில விழுக்காடே ஒளியாகத் திரும்புகிறது.

சாயத்தை இந்தச் சாளரத்திற்குள் கொண்டுவருவது எப்படி? கரிம வேதியியலில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி அமைந்த சங்கிலி நீள நீள, எலெக்ட்ரான் உலவும் பரப்பு விரிகிறது, தாவ வேண்டிய மாடியின் உயரம் குறைகிறது. சயனின் வகைச் சாயங்களில் இரண்டு கார்பன்களைக் கூட்டினால் ஏறத்தாழ 100 நானோமீட்டர் நகர்கிறது. 550, 650, 750 எனப் படிப்படியாக நகரும் இந்த ஒழுங்கு பாடநூலுக்கே ஏற்ற எடுத்துக்காட்டு. எலெக்ட்ரானைக் கொடுக்கும் தொகுதியை ஒரு முனையிலும், ஈர்க்கும் தொகுதியை மறுமுனையிலும் வைப்பது மற்றொரு வழி.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மாடியின் உயரம் குறையும்போது, ஆற்றல் அதிர்வாகவும் வெப்பமாகவும் நழுவிவிடுவது எளிதாகிறது. ஆகவே ஆழமாகப் பார்க்க உதவும் சாயங்கள் பொதுவாக மங்கலாகவே ஒளிர்கின்றன.

கூட்டத்தில் அணையும் ஒளி, கூட்டத்தில் பிறக்கும் ஒளி

ஒளி மங்கலாக இருந்தால் நிறைய மூலக்கூறுகளை ஓரிடத்தில் சேர்த்தால் போகாதா என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் அடுத்த சிக்கல். பெரும்பாலான சாய மூலக்கூறுகள் தட்டையானவை. செறிவு கூடினால் அப்பளக் கட்டுப் போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்கின்றன. அப்போது ஒன்றின் ஆற்றல் மற்றொன்றுக்குத் தாவி, ஒளியாகாமலே வீணாகிறது. செறிவு கூடக்கூடப் பைரீனின் ஒளிர்வு மாறிப்போவதை ஃபோர்ஸ்டரும் காஸ்பரும் 1954இலேயே விளக்கினர். பல ஆண்டுகளாக இது மாற்ற முடியாத விதியாகவே கருதப்பட்டது.

2001இல் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாங் பென் ஜோங் தலைமையிலான குழு இதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்டது. சைலோல் வகையைச் சேர்ந்த ஒரு மூலக்கூறு கரைசலில் ஒளிரவில்லை. கரைப்பான் உலர்ந்து மூலக்கூறுகள் திரண்டதும் பளிச்சென்று ஒளிர்ந்தது. இதனைத் திரளொளிர்வு என அழைக்கலாம்.

இம்மூலக்கூறின் நடுவளையத்தைச் சுற்றி ஃபினைல் வளையங்கள் காற்றாடி இறக்கைகளைப் போல் பொருத்தப்பட்டுள்ளன. கரைசலில் தனித்திருக்கும்போது இறக்கைகள் தாராளமாகச் சுழன்று, வருமானம் முழுவதையும் வெப்பமாகச் செலவிடுகின்றன. நெரிசலான பேருந்தில் கையை வீச முடியாததுபோல, திரண்ட நிலையில் இறக்கைகள் சுழல இடமில்லை. வெப்பத்தின் வழி அடைபடுவதால் ஆற்றல் ஒளியாகவே வெளியேற வேண்டியுள்ளது. இறக்கைகள் ஒன்றுக்கொன்று சாய்ந்திருப்பதால் அப்பளக் கட்டுப் போல அடுக்கிக்கொள்ளவும் இயலாது.

இதில் நம் வட்டாரத்திற்கும் பங்குண்டு என்பது குறிப்பிடத்தக்கது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் லியு பின் தலைமையிலான ஆய்வுக்குழு, டாங் குழுவுடன் இணைந்து, 2012ஆம் ஆண்டு முதல் இத்தகைய மூலக்கூறுகளை நானோ அளவிலான புள்ளிகளாக்கி ஆய்வுகளை வெளியிட்டுள்ளது. உள்ளே நீரை வெறுக்கும் ஒளிர்மூலக்கூறுகள் நெருக்கமாகத் திரண்டிருக்கும். வெளியே கொழுப்பும் நீர்விரும்பும் பலபடியும் இணைந்த உறை இருக்கும். அந்த உறையில் குறிப்பிட்ட உயிரணுக்களைத் தேடிச் செல்லும் புரதத் துணுக்குகளை ஒட்டலாம். எலிகளின் இரத்த நாளங்களையும், உடலில் செலுத்தப்பட்ட உயிரணுக்களையும் நாள்கணக்கில் பின்தொடர இப்புள்ளிகள் உதவியுள்ளன. இதற்குமுன் இப்பணிக்குப் பெயர்பெற்றிருந்த குவாண்டம் புள்ளிகளுள் பலவற்றில் காட்மியம் என்னும் நச்சு உலோகம் உண்டு. கரிமப் புள்ளிகளில் அது இல்லை.

ஒளி மருந்தாகும் விதம்

இனி மூன்றாவது செலவுக்கு வருவோம். 1900ஆம் ஆண்டில் மியூனிக் நகர மருத்துவ மாணவரான ஆஸ்கர் ராப், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பரமீசியம் எனும் நுண்ணுயிர்கள் ஒளி பட்டால் மட்டுமே விரைவாக மடிவதை அறிவித்தார். சாயம் தனியாகவோ ஒளி தனியாகவோ அவ்வாறு கொல்லவில்லை. அதற்கு ஆக்சிஜனும் தேவை என்பது பின்னர் அவருடைய ஆசிரியர் டாப்பைனரின் ஆய்வுகளில் தெளிவாயிற்று. ஒளியியக்கச் சிகிச்சையின் தொடக்கம் இதுவே. மருந்து, ஒளி, ஆக்சிஜன் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடினால்தான் அழிவு நிகழும். எனவே ஒளியை எங்கே பாய்ச்சுகிறோமோ அங்கே மட்டும் மருந்தை வேலை செய்யவைக்கலாம்.

ஆனால் சூரியனும் ஒளிதான்! மேயர் பெட்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1912இல் ஹெமட்டோபார்ஃபைரினைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டார். வெயில் பட்ட இடமெல்லாம் கடுமையாக வீங்கியது. அந்த ஒளிக்கூச்சம் மாதக்கணக்கில் நீடித்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபோட்டோஃபிரின் மருந்தை அமெரிக்காவின் டவுஹர்ட்டி வளர்த்தெடுத்தார். 1993இல் கனடாவிலும் 1995இல் அமெரிக்காவிலும் அது அனுமதி பெற்றது. 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் இயங்கும் அம்மருந்தைப் பெற்றவர் குறைந்தது 30 நாள்கள் வெயிலைத் தவிர்க்க வேண்டும். ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் நாட்டில் அது எத்தகைய சிறை என்று சொல்லத் தேவையில்லை.

இக்குறையை நீக்க வடிவமைப்பே துணைநின்றது. பார்ஃபைரின் வளையத்தின் ஓர் இரட்டைப் பிணைப்பைக் குறைத்தால், பச்சிலையில் உள்ளதைப் போன்ற குளோரின் வளையம் கிடைக்கிறது. இது வாயுவான குளோரின் அன்று, ஒரு கரிம வளையத்தின் பெயர். அது சிவப்பு ஒளியைப் பல மடங்கு வலிமையாக வாங்குகிறது. இவ்வகையைச் சேர்ந்த வெர்ட்டிபோர்ஃபின் 689 நானோமீட்டர் ஒளியில் இயங்குகிறது. உடலைவிட்டு விரைவாக வெளியேறுவதால் 5 நாள்கள் வெயிலைத் தவிர்த்தால் போதும். முதுமையில் பார்வையைப் பறிக்கும் விழித்திரை நோய்க்கு 2000ஆம் ஆண்டில் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மும்மைநிலைக்குச் செல்லும் பங்கை உயர்த்த இருவழிகள் உள்ளன. அயோடின், புரோமின் போன்ற கனமான அணுக்களை இணைப்பது பழைய வழி. எலெக்ட்ரான் கொடுக்கும் பகுதியையும் ஈர்க்கும் பகுதியையும் மூலக்கூறில் தனித்தனியே பிரித்துவைத்து, ஒற்றைநிலைக்கும் மும்மைநிலைக்கும் இடையிலான ஆற்றல் இடைவெளியைக் குறைப்பது புதிய வழி.

இங்கே இயற்கை ஓர் எல்லைக்கோடு போட்டிருக்கிறது. ஆக்சிஜனைத் தூண்ட 0.98 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 800 நானோமீட்டர் ஒளித்துகளிடம் ஏறத்தாழ 1.55 உண்டு. மும்மைநிலைக்கு இறங்குவதில் கணிசமான பகுதி இழக்கப்படுவதால், இதைவிட மிக நீண்ட அலைநீளத்தில் ஆக்சிஜனைத் தூண்டப் போதிய ஆற்றல் மிஞ்சாது. மேலும் ஆழத்திலுள்ள பல கட்டிகளில் ஆக்சிஜனே குறைவு. அத்தகைய இடங்களில் இரண்டாவது செலவான வெப்பத்தை நாடலாம். ஒளிவெப்பச் சிகிச்சைக்கு ஆக்சிஜன் தேவையில்லை.

மஞ்சள் தேர்வு எழுதினால்?

இதுவரை கற்றதைக் கொண்டு நம் வீட்டு மஞ்சளைச் சோதித்துப் பார்ப்போம். மஞ்சள்தூளைச் சமையல் எண்ணெயில் கலக்கி, பணத்தாளைச் சோதிக்கும் புற ஊதா விளக்கின் கீழ் வையுங்கள். விளக்கை நேராகப் பார்க்க வேண்டாம். பசுமஞ்சள் ஒளி தெரியும். அதற்குக் காரணமான குர்குமின் ஓர் உண்மையான கரிம ஒளிர்பொருள். நீல ஒளியில் நுண்ணுயிர்களைக் கொல்லும் ஆற்றலும் அதற்குண்டு. பல் மருத்துவ ஆய்வாளர்கள் வாயிலுள்ள கிருமிகளுக்கு எதிராக இதனைச் சோதித்து வருகின்றனர்.

அப்படியானால் மஞ்சளால் புற்றுநோயை ஒளியூட்டிக் குணப்படுத்தலாமா? வினாக்களை ஒவ்வொன்றாகக் கேட்போம்.

ஒளி வாங்கும் அலைநீளம் சாளரத்திற்குள் உள்ளதா? இல்லை. குர்குமின் 425 நானோமீட்டர் அளவில் நீல ஒளியையே வாங்குகிறது. அந்த ஒளி தோலில் ஒரு மில்லிமீட்டர் அளவுகூட நன்றாகப் புகாது.

நீரில் கரைகிறதா, அங்கும் ஒளிர்கிறதா? நீரில் கரைவது மிகக் குறைவு, ஒளிர்வதும் மங்கலே.

உடலில் நிலைத்திருக்கிறதா? கார நீரில் விரைவாகச் சிதைகிறது. உண்டால் குடல் வழியே இரத்தத்தில் சேர்வதும் சொற்பமே.

நோயுற்ற உயிரணுவை மட்டும் தேடிச் செல்கிறதா? தானாகச் செல்வதில்லை.

வாய், தோல் மேற்பரப்பு போன்ற இடங்களுக்கு ஆய்வுக்குரிய பொருள், உடலின் ஆழத்திற்கு உரிய மருந்தன்று என்பதே முடிவு. நம் சமையலறைப் பொருள் என்பதால் கூடுதல் மதிப்பெண் வழங்குவதும், பாட்டி வைத்தியம் என்பதால் குறைத்து வழங்குவதும் அறிவியலாகாது. புலனச் செய்திகளை நம்பி முறையான சிகிச்சையைக் கைவிடுவோர் உள்ள சமுதாயத்தில், இந்த வினாக்களைக் கேட்கத் தெரிந்த பட்டதாரிகள் ஒவ்வொரு குடும்பத்திற்கும் தேவை.

யாருடைய தோலுக்கு?

இன்னொரு வினாவும் உண்டு. ஒளியை விழுங்குவது ஹீமோகுளோபின் மட்டுமன்று, தோலிலுள்ள மெலனினும்தான். கருமையான தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளி குறைவாகவே உட்செல்கிறது. விரலில் மாட்டி ஆக்சிஜனை அளக்கும் கருவியும் ஒளியால் இயங்குவதே. கருவி நலம் என்று காட்டியபோதும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்ததை 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு வெளிப்படுத்தியது. கொரோனா காலத்தில் இந்தப் பிழையின் விலை என்னவென்று நாம் ஊகிக்கலாம்.

மெலனின் விழுங்கும் அளவு அலைநீளம் கூடக்கூடக் குறைகிறது. ஆகவே அண்மை அகச்சிவப்பு ஒளியை நோக்கி நகர்வதால் ஆழம் கிடைப்பதோடு, பல நிறத் தோல்களுக்கு இடையிலான வேறுபாடும் குறைகிறது. ஒளியின் அளவையும் நேரத்தையும் எல்லா நிறத் தோலிலும் சோதித்து முடிவு செய்ய வேண்டும். நம்மைப் போன்றோர் ஆய்வுக்கூடத்திலும் சோதனைப் பட்டியலிலும் இருந்தால்தான் இவ்வினா மறக்கப்படாமல் இருக்கும்.

முடிவுரை

ஒளிரும் மூலக்கூறுகளைப் பற்றிய ஆய்வுத்தாள்கள் ஆயிரக்கணக்கில் வெளிவருகின்றன. மருத்துவமனையை எட்டியவையோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. புற்றுநோய் உயிரணுக்களைத் தேடிச் செல்லும் பாஃபோலாசயனின் 2021இல் சூலகப் புற்றுநோய் அறுவைக்கும், பெகுலிசயனின் 2024இல் மார்பகப் புற்றுநோய் அறுவைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. எலியில் ஒளிர்ந்த பொருள் மனித உடலில் எங்கே தங்கும், எப்போது வெளியேறும், ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் தயாரிக்க முடியுமா என்பவை கடினமான வினாக்கள். உயிரணுவுக்குள் செல்லும் நானோ புள்ளி உடலைவிட்டு வெளியேறவும் வேண்டுமல்லவா?

இத்துறை ஒரு தனிப்பட்ட பாடத்தின் சொத்தன்று. மூலக்கூறைக் கட்ட வேதியியல் வேண்டும். ஆற்றல் மாடிகளைக் கணக்கிட இயற்பியலும் கணினியும் வேண்டும். நோயைப் புரிந்துகொள்ள உயிரியலும் மருத்துவமும் வேண்டும். எந்தப் புலத்தில் பயின்றாலும் இதனுள் நுழைய ஒரு கதவு உண்டு. பரமீசியத்தைக் கவனித்த ராப் ஒரு மாணவரே என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

கூடவே ஒரு சிறு வேண்டுகோள். உடனொளிர்வு, மும்மைநிலை, திரளொளிர்வு போன்ற சொற்களை நாம் பேசவும் எழுதவும் பழக வேண்டும். சிகிச்சைக்கு முன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் நம் தாத்தா பாட்டிக்கு, எதற்காக இந்தச் சாயம், எத்தனை நாள் வெயிலில் போகக்கூடாது என்பதை அவர்களுடைய மொழியில் விளக்கும் பொறுப்பு, அறிவியல் கற்ற தமிழ் மாணவர்களாகிய நமக்கே உரியது.